முத்துலட்சுமி ரெட்டி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (சூலை 30, 1886 - சூலை 22, 1968) தமிழகத்தைச் சேர்ந்த மருத்துவர், சமூக சேவகி, சட்டமன்ற உறுப்பினர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்றவர். 1927இல் சென்னை மாகாண சட்ட மேலவையின் உறுப்பினராகி அதன் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பெண்களைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்துக்கு எதிரான சட்டங்களுக்கு வழிகோலியவர். அடையாறு அவ்வை இல்லமும் அடையாறு புற்றுநோய் நிலையமும் இவர் தொடங்கிய நிறுவனங்கள். 1956இல் இந்திய அரசின் பத்ம பூஷண் விருது இவருக்கு வழங்கப்பட்டது.

இவரைப் பற்றிய குறிப்புகள் பலவும் "முதல் பெண்" என்ற அடைமொழிகளின் பட்டியலாகவே அமைந்து விடுகின்றன. அவற்றுள் சில உண்மை, சில மிகை. இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் என்று இவரைக் குறிப்பிடுவது பிழையாகும். இவர் பிறந்த 1886ஆம் ஆண்டிலேயே ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்று விட்டார். வங்காளத்தில் கடம்பினி கங்குலியும் அக்காலத்திலேயே மருத்துவரானார். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் 1875இலேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் சேர்க்கப்பட்டிருந்தனர். முத்துலட்சுமியின் சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. இவர் நிறுவியவற்றுள் பெரும்பாலானவை இவருடைய சொந்தக் குடும்பத்தில் நேர்ந்த ஒரு துயரிலிருந்தோ, இவர் வீட்டு வாயிலில் வந்து நின்ற ஒருவருடைய தேவையிலிருந்தோ தொடங்கியவை.

== பிறப்பும் குடும்பமும் ==

முத்துலட்சுமி புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபினர் எனப்பட்ட சமூகத்தில், இன்று இசை வேளாளர் எனப்படும் குலத்தில் பிறந்தவர். இத்திருமணத்தின் காரணமாக நாராயணசாமி ஐயரை அவருடைய உறவினர்கள் விலக்கி வைத்தனர். ஆகவே பிள்ளைகள் தாய்வழி உறவினர்களுடன் நெருங்கியே வளர்ந்தனர். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண்களின் வாழ்வு எத்தகையது என்பதை முத்துலட்சுமி புத்தகங்களில் படித்து அறியவில்லை. சிறுமியாக இருந்தபோதே அருகிருந்து கண்டார். பிற்காலத்தில் சட்ட மேலவையில் இவர் காட்டிய பிடிவாதத்தைப் புரிந்து கொள்ள இச்செய்தி இன்றியமையாதது.

புதுக்கோட்டை அன்று தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்த தனிச் சமஸ்தானம். பிரித்தானியரின் சென்னை மாகாணத்தில் அது சேரவில்லை. 1948 மார்ச்சு மாதத்தில் இந்திய ஒன்றியத்துடன் இணைந்த பின்னர் அது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பகுதிகளும் அப்போது அதே மாவட்டத்தில்தான் இருந்தன. 1974இல் புதுக்கோட்டையும், 1995இல் பெரம்பலூரும், 2007இல் அரியலூரும் தனி மாவட்டங்களாயின. (அரியலூர் 2001இல் ஒருமுறை தனி மாவட்டமாக்கப்பட்டு, அடுத்த ஆண்டே பெரம்பலூருடன் மீண்டும் இணைக்கப்பட்டிருந்தது.) இவ்வாட்சி எல்லைகள் முத்துலட்சுமியின் வாழ்வில் ஒரு முரணையும் உண்டாக்கின. இவர் 1929இல் நிறைவேற்றிய சட்டம் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் பொருந்தியது; சமஸ்தானமாக இருந்த காரணத்தால் இவர் பிறந்த ஊருக்குப் பொருந்தவில்லை.

== கல்வி ==

பெண் பூப்பெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தி விடுவது அக்கால வழக்கம். முத்துலட்சுமியும் அவ்வாறே வீட்டுக்குள் இருத்தப்பட்டார். மகளுக்கு விரைவில் திருமணம் முடித்து விட வேண்டும் என்பது தாயாரின் கவலை. தந்தையோ மகளைப் படிக்க வைக்க விரும்பினார். வீட்டிலிருந்தே படித்து இவர் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார்.

அடுத்துச் சேர வேண்டிய கல்லூரி தந்தை பணியாற்றிய மகாராஜா கல்லூரியே. அங்கு ஆண்கள் மட்டுமே படித்து வந்தனர். ஒரு பெண்ணைச் சேர்த்தால், அதிலும் இத்தகைய குடும்பப் பின்னணி கொண்ட பெண்ணைச் சேர்த்தால், மாணவர்களின் ஒழுக்கம் கெட்டு விடும் என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி அளித்தார். அக்கல்லூரியின் முதல் மாணவி முத்துலட்சுமியே.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பல பதக்கங்களுடன் பட்டம் பெற்றார். பின்னர் சென்னை அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றினார். அப்பதவியில் அமர்ந்த முதல் பெண் இவர். மாணவியாக இருந்த ஆண்டுகளிலேயே சரோஜினி நாயுடுவுடன் பழக்கம் ஏற்பட்டது. அன்னி பெசன்ட் அம்மையாரின் கருத்துகளும் காந்தியடிகளின் கருத்துகளும் இவரை ஈர்த்தன.

== திருமணமும் இல்லறமும் ==

1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். இது சாதி கடந்த திருமணம். 1872ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி நடைபெற்றது. தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று திருமணத்துக்கு முன்பே இவர் நிபந்தனை விதித்தார். சுந்தர ரெட்டி அதனை ஏற்றுக் கொண்டதோடு வாழ்நாள் முழுவதும் கடைப்பிடிக்கவும் செய்தார். மனைவி சட்ட மேலவைக்கும் மாநாடுகளுக்கும் சென்று வந்த ஆண்டுகளில் அவர் அளித்த ஆதரவு சிறியதன்று. இவர்களுக்கு ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என இரு மகன்கள் பிறந்தனர்.

சென்னையில் இவர்கள் வீடு கணவன், மனைவி, பிள்ளைகள் மட்டும் வாழ்ந்த வீடாக ஒருபோதும் இருந்ததில்லை. குடும்பத்தில் முதலில் படித்துப் பொருளீட்டத் தொடங்கியவர் என்ற முறையில் உடன்பிறந்தோரின் படிப்பும் நலமும் முத்துலட்சுமியின் பொறுப்பாயின. தங்கை நல்லமுத்து பிற்காலத்தில் சென்னை இராணி மேரி கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார். தமிழ்த் திரைப்பட நடிகர் ஜெமினி கணேசன் இவருக்கு நெருங்கிய உறவினர். சிறு வயதில் தந்தையை இழந்த அவரும் அவருடைய தாயாரும் முத்துலட்சுமியின் வீட்டுக்கே வந்து சேர்ந்தனர். சிறுவனை இராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லத்தில் சேர்த்துப் படிக்க வைத்தவர் இவரே. பின்னாளில் ஆதரவற்ற பெண்கள் வந்து தங்கியதும் இதே வீட்டில்தான்.

== தங்கையின் மரணம் ==

1923இல் முத்துலட்சுமியின் இளைய தங்கை ஒருவர் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். தொடக்கத்தில் அது சீதபேதி எனத் தவறாகக் கணிக்கப்பட்டது. உண்மை நோய் தெரிந்தபோது செய்வதற்கு எதுவும் மிஞ்சவில்லை. வீட்டிலேயே இரு மருத்துவர்கள் இருந்தும் இவ்வாறு நேர்ந்தது. அன்றைய சென்னை மாகாணத்தில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை கிடையாது. மருத்துவர்களுக்கே அந்நோயைப் பற்றிய பயிற்சி மிகக் குறைவு.

1925இல் அரசு உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்ற இவர், இலண்டன் செல்சி மகளிர் மருத்துவமனையில் மேற்பயிற்சி பெற்றார். அப்பயணத்தின்போது இராயல் மார்ஸ்டன் புற்றுநோய் மருத்துவமனையையும் கண்டார். அத்தகைய ஒன்றைச் சென்னையில் அமைக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கு உறுதிப்பட்டது. 1926இல் பாரிசில் நடைபெற்ற அனைத்துலகப் பெண்கள் மாநாட்டில் கலந்து கொண்டு நாடு திரும்பினார். ஆனால் புற்றுநோய் மருத்துவமனைக்கு இன்னும் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் வேறொரு பணி இவரைத் தேடி வந்தது.

== சட்ட மேலவையில் ==

சென்னை மாகாணத்தில் சொத்துத் தகுதியுடைய பெண்களுக்கு வாக்குரிமை 1921இல் கிடைத்தது. சட்ட மேலவை உறுப்பினராகும் உரிமை 1926இல்தான் கிடைத்தது. அவ்வாண்டுத் தேர்தலில் மங்களூரில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாய் சிறு வேறுபாட்டில் தோற்றார். தேர்தல் வழியே பெண் எவரும் மேலவைக்கு வராத நிலையில் ஒரு பெண்ணை நியமிக்குமாறு இந்திய மாதர் சங்கம் அரசை வற்புறுத்தியது. 1917இல் அடையாற்றில் தொடங்கப்பட்ட அச்சங்கம் முன்மொழிந்த பெயர் முத்துலட்சுமியுடையது. மருத்துவப் பணி தடைப்படும் என்று இவர் முதலில் தயங்கினார். பிறகு ஏற்றுக் கொண்டார். 1927 சனவரியில் மேலவை கூடியபோது உறுப்பினர்கள் ஒருமனதாக இவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். இந்தியாவில் ஒரு சட்டமன்றத்தில் இப்பதவியை வகித்த முதல் பெண் இவர்.

பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை, ஏழைப் பெண்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை ஆகியவற்றுக்காக மேலவையில் வாதாடினார். திருமண வயதைப் பெண்களுக்குப் பதினாறாகவும் ஆண்களுக்கு இருபத்தொன்றாகவும் உயர்த்தக் கோரினார். 1929இல் நடுவண் சட்டமன்றம் நிறைவேற்றிய சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு வயதோடு நின்று விட்டது. இந்தியக் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவிலும் இவர் உறுப்பினராக இருந்தார்.

=== பொட்டுக்கட்டும் வழக்கமும் 1929ஆம் ஆண்டுச் சட்டமும் ===

இவர் பெயர் பெரிதும் நினைக்கப்படுவது தேவதாசி முறைக்கு எதிரான சட்டங்களுக்காக. இச்சட்டங்கள் எவ்வாறு செயற்பட்டன என்பது பலருக்கும் தெளிவாகத் தெரிவதில்லை.

கோயிலில் பணி செய்த தேவதாசிக் குடும்பங்களுக்கு மானிய நிலங்கள் விடப்பட்டிருந்தன. பணி நின்றால் நிலமும் பறிபோகும். ஆகவே ஒரு பெண்ணுக்குப் பின் அவள் மகளையோ வளர்ப்பு மகளையோ பொட்டுக்கட்டி விடுவது குடும்பத்தின் பிழைப்புக்கே தேவையாயிற்று. சிறுமியரைப் பாலியல் தொழிலுக்கு உட்படுத்துவதை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகள் ஏற்கெனவே தடை செய்திருந்தன. எனினும் பொட்டுக்கட்டுதல் ஒரு சமயச் சடங்கு என்ற பெயரில் நடந்ததால் அப்பிரிவுகள் பெரிதும் பயன்படவில்லை.

1927 நவம்பரில் முத்துலட்சுமி மேலவையில் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். அதனைத் தொடர்ந்து இந்து சமய அறநிலையச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவை முன்வைத்தார். 1929இல் அது சட்டமாயிற்று. இச்சட்டம் எவரையும் சிறைக்கு அனுப்பவில்லை. மானிய நிலத்துக்கும் கோயில் பணிக்கும் இருந்த கட்டை அறுத்தது, அவ்வளவே. பணி செய்யாவிட்டாலும் நிலம் அப்பெண்ணின் கையில் இருக்கும் என்றாயிற்று. தீமையின் பொருளியல் வேரை முதலில் வெட்ட வேண்டும் என்று இவர் கருதியது தெரிகிறது. வழக்கத்தை நேரடியாகத் தடை செய்து தண்டனை விதிக்கும் இரண்டாவது மசோதாவை 1930 தொடக்கத்தில் கொண்டு வந்தார்.

எதிர்ப்பு பல முனைகளிலிருந்து வந்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி கோயில் மரபையும் கலைகளையும் காட்டி எதிர்த்தார். தேவதாசிப் பெண்கள் பலரும் தங்கள் சங்கங்களின் வாயிலாக அரசுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினர். அவர்களுள் பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற இசைக் கலைஞர்களும் இருந்தனர். தங்கள் அனைவரையும் பாலியல் தொழிலாளர்களாகச் சித்திரிப்பதை அவர்கள் கண்டித்தனர். தங்கள் வாரிசு உரிமையும் கலையும் என்னாகும் என்றும் கேட்டனர். அதே சமூகத்தில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் முத்துலட்சுமிக்கு ஆதரவாக ஊர் ஊராகச் சென்று பேசினார். 1932இல் சதிர் நடனத்தைப் பற்றி இவருக்கும் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயருக்கும் இடையே நாளிதழில் நடந்த கடித விவாதமும் புகழ் பெற்றது. தேவதாசி மரபில் பெண்களுக்கு இருந்த சொத்துரிமையும் கலைத் தகுதியும் இச்சீர்திருத்தத்தால் கை நழுவின என்றும், பயனடைந்தோர் அச்சமூகத்தின் ஆண்களும் பிற சாதியினருமே என்றும் 1980களுக்குப் பின் எழுதிய ஆய்வாளர்கள் சிலர் வாதிடுகின்றனர். இக்கருத்தில் உண்மை உண்டு. ஆயினும் பொட்டுக்கட்டப்பட்டவர்களுள் பலர் தாமாக முடிவெடுக்க இயலாத சிறுமியர் என்பதையும் மறந்து விட முடியாது. முத்துலட்சுமியின் கண் அச்சிறுமியர் மேல் இருந்தது. நாட்டியத்தைப் பற்றி இவர் அக்கறை கொண்டது குறைவே.

1930 மே மாதம் உப்புச் சத்தியாகிரகத்தின்போது காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். அதனைக் கண்டித்து முத்துலட்சுமி மேலவைப் பதவியைத் துறந்தார். இதனால் இரண்டாவது மசோதா நிறைவேறாமல் போயிற்று. அரசியல் கடமைக்கும் தம் வாழ்நாள் நோக்கத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் இவர் எடுத்த முடிவு இது. அதன் விலை பதினேழு ஆண்டுகள். பொட்டுக்கட்டுதலை முற்றாகத் தடை செய்யும் சென்னை தேவதாசிகள் சட்டம், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது 1947 அக்டோபரில் நிறைவேறியது. மேலவைப் பணி குறித்த தம் பட்டறிவை இவர் 1930இல் ஆங்கிலத்தில் ஒரு நூலாக வெளியிட்டார்.

== அவ்வை இல்லம் ==

சட்டம் வந்தாலும், பொட்டுக்கட்ட மறுத்து வெளியேறும் பெண் எங்கே தங்குவாள் என்ற கேள்வி எஞ்சியிருந்தது. அதற்கான விடை முத்துலட்சுமியின் வாயிற்படியில் வந்து நின்றது. தேவதாசிக் குடும்பங்களைச் சேர்ந்த மூன்று இளம் பெண்கள் ஓர் இரவில் இவர் வீட்டைத் தேடி வந்தனர். இவர் அவர்களை மாணவியர் விடுதிகளில் சேர்க்க முயன்றார். பிராமணர் விடுதியும் மறுத்தது, பிராமணர் அல்லாதார் விடுதியும் மறுத்தது. பிறப்பே காரணம். அப்பெண்களைத் தம் வீட்டிலேயே தங்க வைத்துக் கொண்டார்.

இதுவே 1930-31ஆம் ஆண்டுகளில் அவ்வை இல்லமாக உருவாகியது. ஆதரவற்ற பெண்களும் குழந்தைகளும் சாதி வேறுபாடின்றி அங்கு சேர்க்கப்பட்டனர். உணவும் உறைவிடமும் மட்டும் போதா, ஒவ்வொரு பெண்ணும் தானே பொருளீட்டி நிற்க வேண்டும் என்பது இவருடைய உறுதி. எனவே கல்வியும் தொழிற்பயிற்சியும் இல்லத்தின் நடுப்பணிகளாயின. இங்கு வளர்ந்தவர்கள் ஆசிரியைகளாகவும் செவிலியர்களாகவும் வெளியேறினர். பின்னர் இல்லம் அடையாற்றில் சொந்த இடத்துக்கு மாறியது, பள்ளியும் ஏற்பட்டது.

1931இல் இலாகூரில் நடைபெற்ற அனைத்திந்திய மாதர் மாநாட்டுக்கு இவர் தலைமை தாங்கினார். மாதர் சங்கத்தின் 'ஸ்திரீ தர்மம்' இதழின் ஆசிரியராகவும் இருந்தார். 1933இல் சிக்காகோ பெண்கள் மாநாட்டுக்குச் சென்றார். அதே ஆண்டு இலண்டனில் பிரித்தானிய நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் முன் இராஜகுமாரி அம்ரித் கௌர், ஷரீபா ஹமீத் அலி ஆகியோருடன் இந்தியப் பெண்களின் வாக்குரிமைக்காகச் சாட்சியம் அளித்தார். 1937இல் சென்னை மாநகராட்சியின் ஆல்டர்மேன் பதவி வகித்த முதல் பெண்ணானார்.

== புற்றுநோய் நிலையம் ==

தங்கை இறந்த நாள் முதல் மனத்தில் இருந்த திட்டத்தை, 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவின்போது பொதுவில் எடுத்துரைத்தார். உடனடிப் பலன் ஏதும் கிட்டவில்லை. காலரா, அம்மை, காசநோய் ஆகியவற்றுக்கே பணம் போதாத காலத்தில் புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை என்பது ஆடம்பரமாகவே அதிகாரிகளுக்குத் தோன்றியது. 1949இல் மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. பொதுமக்களிடம் நன்கொடை திரட்டப்பட்டது. 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 சூன் 18 அன்று அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது.

தங்கையின் மரணத்துக்கும் இத்திறப்புக்கும் இடையே கடந்தவை முப்பத்தோர் ஆண்டுகள். அப்போது முத்துலட்சுமிக்கு அறுபத்தேழு வயது. அறுவை மருத்துவரான மகன் கிருஷ்ணமூர்த்தி நிலையத்தின் மருத்துவப் பொறுப்பை ஏற்றார். 1955இல் இளம் மருத்துவர் வி. சாந்தா அவருடன் இணைந்தார். கிருஷ்ணமூர்த்தி 2010இலும், சாந்தா 2021இலும் மறையும் வரை அவர்கள் வாழ்க்கையே அந்நிலையமாக இருந்தது. சாந்தாவுக்கு 2005இல் ராமன் மகசேசே விருதும் 2016இல் பத்ம விபூஷண் விருதும் வழங்கப்பட்டன. கதிர்வீச்சு மருத்துவத்துக்கான கோபால்ட் கருவி 1950களிலேயே இங்கு நிறுவப்பட்டது. பணம் செலுத்த இயலாதவர்க்கும் மருத்துவம் உண்டு என்ற தொடக்க கால விதியின்படி உள்மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்தும் நோயாளிகள் வந்து சேர்ந்தனர்.

== இறுதிக் காலம் ==

மாநில சமூக நல வாரியத்தின் முதல் தலைவராக 1954இல் நியமிக்கப்பட்டார். 1964இல் தன் வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அந்நூலில் குடும்பச் செய்திகளும் பொதுச் செய்திகளும் ஒன்றோடொன்று கலந்தே வருகின்றன. முதுமையிலும் அவ்வை இல்லத்தின் அன்றாட நிர்வாகத்தைக் கவனித்து வந்தார். 1968 சூலை 22 அன்று, எண்பத்திரண்டாம் பிறந்தநாளுக்கு எட்டு நாட்கள் இருக்கையில் சென்னையில் காலமானார்.

== நினைவு ==

2019ஆம் ஆண்டு சூலை 30 அன்று கூகுள் நிறுவனம் தன் முகப்பில் இவருடைய சித்திரத்தை வெளியிட்டது. அந்நாளை அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை தினமாகக் கொண்டாடத் தமிழக அரசும் அவ்வாண்டில் முடிவு செய்தது.

மக்களிடையே இவர் பெயரைப் பெரிதும் கொண்டு சென்றது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவித் திட்டமே. ஏழைக் குடும்பப் பெண்கள் கருவுற்ற காலத்தில் நல்லுணவு உண்ணவும், கூலி வேலைக்குச் செல்ல இயலாத நாட்களின் வருவாய் இழப்பை ஈடு செய்யவும் இத்தொகை வழங்கப்படுகிறது. 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும், 2018இல் 18,000 ரூபாயாகவும் இது உயர்த்தப்பட்டது. கடைசியாகக் குறிப்பிட்ட தொகையில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக அளிக்கப்பட்டது. முதல் இரு பேறுகளுக்கே உதவி உண்டு. கருவுற்ற பன்னிரண்டு வாரங்களுக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து கொள்ள வேண்டும். பெரம்பலூர், அரியலூர் போன்று பருத்தி, மக்காச்சோளம், முந்திரி விளையும் மானாவாரி மாவட்டங்களில், வயல் வேலைக்குச் செல்லும் பெண்கள் இவர் பெயரை முதன்முதலில் படிப்பது பெரும்பாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் விண்ணப்பத் தாளில்தான். உதவி பெறுவதற்குத் தாய்க்குப் பத்தொன்பது வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. 1920களில் சட்ட மேலவையில் இவர் கேட்டது பதினாறு.